என்ஜின் நின்ற பிறகு: செஸ்னா 172-ஐ வயலில் இறக்குவது எப்படி?

செஸ்னா 172 போன்ற ஒற்றை என்ஜின் சிறு விமானத்தில், நடுவானில் என்ஜின் நின்றதும் புதிய விமானியின் கை கண்ட்ரோலைத் தன் பக்கம் இழுக்கும். மூக்கைத் தூக்கிப் பிடித்தால் உயரம் மிஞ்சும் என்று உடம்பு நம்புகிறது. ஆனால் அப்படி இழுத்தால் வேகம் செத்துவிடும், இறக்கையால் விமானத்தைத் தூக்கிப் பிடிக்க முடியாது. அதுதான் ஸ்டால். தரைக்குப் பக்கத்தில் ஸ்டால் ஆனால் மீள உயரம் இருக்காது. அதனால் கீழே சொல்வதில் எது மறந்தாலும் முதல் படி மட்டும் மறக்கக் கூடாது.

இங்கே தரும் எண்கள் கார்புரேட்டர் (எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கருவி) உள்ள செஸ்னா 172என் மாடலுக்கானவை. உங்கள் விமானத்தின் கையேடு வேறு சொன்னால் கையேடு சொல்வதே சரி.

படி 1: வேகம்

மூக்கைத் தாழ்த்தி 65 நாட் (மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர்) பிடியுங்கள், அந்த வேகத்தில் தானாகவே நிற்கும்படி டிரிம் வையுங்கள். இந்த வேகத்தில் 1 அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய 9 அடி முன்னே போகலாம். தரையிலிருந்து 3,000 அடியில் இருந்தால், காற்றில்லாத நாளில் சுமார் 8 கிலோமீட்டர், நாலு நிமிடம். யோசிக்க அது போதும், தயங்கத்தான் போதாது.

படி 2: இடம்

தூரத்தில் தெரியும் அழகான வயலைவிடக் காலடியில் இருக்கும் சுமாரான வயல் மேல். முதலில் காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். புகை காட்டிக்கொடுக்கும். குளமும் சொல்லும்: காற்று வரும் பக்கக் கரையோரம் தண்ணீர் அலையில்லாமல் இருக்கும். எதிர்காற்றில் இறங்குவது சின்ன விஷயமல்ல. 45 நாட்டில் தரை தொடும்போது 10 நாட் எதிர்காற்று இருந்தால் தரைவேகம் 35, அதே காற்று பின்னாலிருந்து அடித்தால் 55. மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், வித்தியாசம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு.

உழுத வயல் என்றால் சாலோடு ஒட்டி இறங்குங்கள், சாலுக்குக் குறுக்கே வேண்டாம். மின்கம்பியை மேலிருந்து பார்க்க முடியாது, கம்பங்களைத் தேடுங்கள். இரண்டு கம்பம் தெரிந்தால் நடுவில் கம்பி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை ஆசை காட்டும். ஆனால் அங்கே கம்பி, பலகை, லாரி எல்லாம் உண்டு.

படி 3: மறுபடி கிளப்பிப் பாருங்கள்

முதலில் கார்புரேட்டர் ஹீட், அதாவது கார்புரேட்டரில் கட்டிய பனியை உருக்கும் சூடான காற்று. அந்தச் சூடு எக்ஸாஸ்ட்டிலிருந்து வருகிறது; என்ஜின் ஆறிவிட்டால் அதுவும் போய்விடும். (வெயில் நாளில் கார்புரேட்டரில் பனிக்கட்டியா என்று கேட்காதீர்கள். காற்றில் ஈரம் இருந்தால் 20 டிகிரியிலும் கட்டும்.) பிறகு எரிபொருள் வால்வு இரண்டு டேங்குக்கும், மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவை) ரிச், சாவி 'போத்' நிலையில், பிரைமர் (கிளப்பும்போது எரிபொருள் செலுத்தும் கைப்பம்பு) உள்ளே பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கிளம்பவில்லையா, விட்டுவிடுங்கள்.

படி 4: சொல்லுங்கள்

பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலேயே மூன்று முறை 'மேடே' என்ற அபாய அழைப்பு. யாரும் இல்லையென்றால் அவசர அலைவரிசை 121.5. ரேடாருக்கு உங்களை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் அவசர எண் 7700. நேரம் இல்லையென்றால் இந்தப் படியே வேண்டாம், விமானத்தை ஓட்டுங்கள்.

படி 5: இறங்கும் முன்

மிக்ஸ்சர் கட், எரிபொருள் வால்வு மூடல், சாவி ஆஃப், தோள் பெல்ட் இறுக்கம். வயல் கைக்கு வந்துவிட்டது என்று உறுதியான பிறகே முழு பிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் பலகை). அது மின்சாரத்தில் ஓடுவது, ஆகவே பிளாப் இறங்கிய பின்தான் மொத்த மின்சாரத்தையும் நிறுத்தும் மாஸ்டர் சுவிட்சை அணைக்க வேண்டும். மோதலில் சட்டம் நெளிந்து கதவு சிக்கிக்கொள்ளலாம்; தரை தொடும் முன்பே கதவைத் திறந்து வையுங்கள். வாலைச் சற்றுத் தாழ்த்தி, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகத் தொடுங்கள்.

புறப்பட்ட உடனே நின்றால்?

இந்தப் பட்டியலுக்கெல்லாம் நேரமில்லை. மூக்கைத் தாழ்த்தி, முன்னால் இருப்பதில் நல்லதைத் தேர்ந்தெடுங்கள். திரும்பி ஓடுபாதைக்கே வர ஆசை வரும். 180 டிகிரி மட்டும் திரும்பினால் பாதைக்கு இணையாகத்தான் இருப்பீர்கள். நேரே வர இன்னும் திரும்ப வேண்டும், ஒவ்வொரு டிகிரியும் உயரத்தைத் தின்னும்.

2015 மார்ச் 5-ல் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு தன் பழைய ரயான் பயிற்சி விமானத்தில் சான்டா மோனிகாவிலிருந்து கிளம்பினார். கார்புரேட்டரின் உள்ளே எரிபொருளை அளந்து விடும் 'ஜெட்' என்ற சிறு துளைப்பாகம் தளர்ந்து என்ஜின் வலுவிழந்தது. திரும்புவதாகக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொன்னார். ஓடுபாதை எட்டாது என்று தெரிந்ததும் பக்கத்து கோல்ஃப் மைதானத்தில் இறக்கினார். பலத்த காயம்தான், ஆனால் பிழைத்தார். ஓடுபாதையை எட்டிவிடலாம் என்று மூக்கைத் தூக்கி இழுத்துக்கொண்டு போயிருந்தால் கதை வேறு.

அடுத்த வகுப்பில் பயிற்சியாளரிடம் சொல்லி, 3,000 அடியில் திராட்டிலை (என்ஜின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) குறைக்கச் சொல்லுங்கள். 65 நாட் பிடிக்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். முதல் தடவை எண்ணும்போது நம்ப மாட்டீர்கள்.