மாத்திரை சரி, நேரம் தப்பு: தைராய்டு குறைவும் தள்ளிப்போகும் கர்ப்பமும்

குமரி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். போன வருஷம் ஒரு நாள் காலையில் ஒரு பெண் சீட்டை நீட்டினார். தைராய்டு குறைவுக்கான தைராக்சின் 75 மைக்ரோகிராம், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், ஃபோலிக் ஆசிட். கல்யாணமாகி மூன்று வருஷம். குழந்தைக்காக ஸ்கேன், ஊசி என்று அலைந்துகொண்டிருந்தார். தைராய்டு குறைந்தால் ஏறுகிற ரத்த டெஸ்ட் எண்ணான டி.எஸ்.எச். மட்டும் இறங்குவேனா என்றிருந்தது. டோஸை இரண்டு தடவை கூட்டியும் ஒன்பதுக்குக் கீழே வரவில்லை.

"எப்படிம்மா போடுறீங்க?" என்று கேட்டேன்.

"காலையில எல்லாத்தையும் சேர்த்து ஒரே வாயில போட்டுடுவேன்க்கா. தனித்தனியா வச்சா மறந்துடுமே."

அதற்கு மேலே ஒரு டம்ளர் பால் டீ.

தைராக்சினும் இரும்புச்சத்தும் வயிற்றுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டது ரத்தத்தில் சேராது, அப்படியே வெளியே போய்விடும். கால்சியமும் அதே வேலையைத்தான் செய்யும். இவர் விழுங்கியது 75 என்றாலும் உடம்புக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவோ! இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. தைராய்டு குறைந்தால் பலருக்கு மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமாகும். அதனால் ரத்தம் குறையும், இரும்பு மாத்திரை எழுதுவார்கள். அந்த இரும்பு தைராய்டு மாத்திரையை மடக்கும், ரத்தப்போக்கு நிற்காது. மறுபடி இரும்பு. செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி வருகிற கதை.

நான் டாக்டர் இல்லை. சீட்டில் இருப்பதை எடுத்துக் கொடுப்பவள். ஆனால் இருபது வருஷமாகக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததில் ஒன்று தெரிகிறது: தைராய்டு குறைவால் கர்ப்பம் தள்ளிப்போகிறவர்களில் நிறையப் பேருக்கு மருந்து தப்பில்லை. மாத்திரை போடும் நேரமோ, டெஸ்ட் எடுக்கும் நேரமோ, மாத்திரையை நிறுத்தும் நேரமோதான் தப்பு.

கழுத்துக்கும் கர்ப்பப்பைக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் மூளையில் இருக்கிறது. தைராய்டு சுரப்பி மந்தமானால் மூளை சும்மா இருக்காது. ஹைப்போதலாமஸ் டி.ஆர்.எச். என்ற ஹார்மோனை அதிகமாக அனுப்பி, பிட்யூட்டரி சுரப்பியை "இன்னும் தள்ளு" என்று விரட்டும். பிட்யூட்டரி டி.எஸ்.எச்.சைக் கூட்டும். ரிப்போர்ட்டில் நாம் பார்ப்பது இதைத்தான். தைராய்டு குறையக் குறைய இந்த எண் ஏறுவதற்குக் காரணமும் இதுதான். ஆனால் அதே டி.ஆர்.எச்., தாய்ப்பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினையும் சேர்த்துத் தூண்டிவிடும். பால் கொடுக்கிற தாய் உடனே மறுபடி கருத்தரிக்கக் கூடாது என்று இயற்கை ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது அல்லவா? புரோலாக்டின் ஏறினால் கருமுட்டையை முதிரச்செய்யும் சிக்னல் அமுங்கும். பிள்ளையே பெறாத பெண்ணின் உடம்பு, பால் கொடுக்கிற தாயின் உடம்பு மாதிரி நடந்துகொள்ளத் தொடங்கும். முட்டை சில மாதம் வெளிவரும், சில மாதம் வராது. தேதி தள்ளும், அல்லது பத்து நாள் விடாமல் போகும். கரு தங்கினாலும், தைராய்டு மிகவும் குறைந்திருந்தால் கலையும் அபாயம் கூடுதல்.

லேசான குறைவு உள்ள எல்லோருக்கும் இப்படி ஆகிவிடாது. டி.எஸ்.எச். ஆறு, ஏழு என்று இருக்கும்போதே சிரமமில்லாமல் பிள்ளை பெற்றவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

டி.எஸ்.எச். பார்க்காமலே வேறு பெயர் சூட்டுவது

பீரியட்ஸ் சரியில்லை, எடை ஏறுகிறது என்றாலே இப்போது பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அதற்காக எழுதிக்கொடுத்த மெட்ஃபார்மின் மாத்திரையைப் போட்டோ எடுத்து வந்து கேட்பவர்களும் உண்டு. தைராய்டு குறைவிலும் இதே அறிகுறிகள் வரும். அதனால்தான் பி.சி.ஓ.டி. என்று சொல்வதற்கு முன்னால் தைராய்டு கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது விதி. அதே மாதிரி, புரோலாக்டின் கூடியிருந்தால் உடனே அதைக் குறைக்கும் மாத்திரைக்கு ஓடுவதற்கு முன் டி.எஸ்.எச். பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். தைராய்டைச் சரிசெய்தால் புரோலாக்டின் தானாக இறங்கிவிடும் கேஸ்கள் நிறைய.

கணவரை மறப்பது இன்னொன்று. தைராய்டு குறைந்த ஆண்களுக்கு விந்தணுவின் வடிவமும் அசைவும் பாதிக்கலாம், ஆசையும் குறையலாம். அவருக்கும் ஒரு டி.எஸ்.எச். எடுத்துப் பார்ப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. "எனக்கெதுக்கு?" என்று கேட்டுவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதிகம்.

ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று இருந்தால் போதுமா?

லேப் ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் 0.4 முதல் 4 சொச்சம் வரை என்று ஓர் அளவு அச்சாகியிருக்கும். அது எல்லோருக்கும் பொதுவான அளவு. ஏற்கெனவே தைராக்சின் சாப்பிடும் பெண் பிள்ளைக்காகத் திட்டமிட்டால், டி.எஸ்.எச். 2.5-க்குக் கீழே இருக்கும்படி டோஸை வைக்கச் சொல்கிறது அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2017 வழிகாட்டுதல். இங்கும் பல டாக்டர்கள் அதையொட்டித்தான் பார்க்கிறார்கள். அதனால் 3.8 என்று வந்ததைப் பார்த்து "நார்மல்தானே" என்று டாக்டரிடம் காட்டாமல் மடித்து வைத்துவிடக் கூடாது. பிள்ளைக்கு முயற்சி செய்வதையும் அவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

இதற்கு நேர்மாறான பைத்தியமும் உண்டு. மாத்திரையே சாப்பிடாத, தைராய்டு நன்றாக இருக்கிற பெண், 2.7 வந்துவிட்டது என்று அழுதுகொண்டு வருவார். டி.எஸ்.எச். ஒரே நாளில்கூட ஏறி இறங்கும். ராத்திரியிலும் விடியற்காலையிலும் கூடுதலாக இருக்கும், மத்தியானம் குறையும். இன்றைக்கு 2.7, அடுத்த வாரம் 2.3 என்றால் எதுவும் மாறிவிட்டதாக அர்த்தமில்லை.

ஆன்டி டி.பி.ஓ. பாசிட்டிவ் என்ற வரியும் நிறையப் பேரின் தூக்கத்தைக் கெடுக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தைராய்டையே தாக்குகிறது என்பதற்கான அடையாளம் அது. 1912-ல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர் விவரித்த நோய்க்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அது இருந்தால் பின்னால் தைராய்டு குறைய வாய்ப்பு அதிகம், கண்காணிக்க வேண்டும். ஆனால் டி.எஸ்.எச். நார்மலாக இருக்கும்போது, அந்த ஆன்டிபாடி இருக்கிறதே என்பதற்காக மட்டும் மாத்திரை போட்டால் பிள்ளை பிறக்கும் வாய்ப்பு கூடுமா? பிரிட்டனில் 952 பெண்களை வைத்துச் செய்த 'டேப்லெட்' ஆய்வு 2019-ல் வெளியானது. கருக்கலைந்தவர்கள், கருத்தரிக்கச் சிரமப்பட்டவர்கள்தான் அதில் இருந்தார்கள். தைராக்சின் சாப்பிட்டவர்களில் 37.4 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 37.9 சதவீதம். நெட்டில் படித்துவிட்டு "எனக்கும் 50 குடுங்க" என்று கேட்டு வருபவர்களிடம் நான் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

மாத்திரையும் டீயும்

தைராக்சினை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். அப்புறம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை டீ, காபி, பலகாரம் எதுவும் கூடாது. இரும்பு, கால்சியம், சில அசிடிட்டி மருந்துகள் எல்லாவற்றுக்கும் நாலு மணி நேர இடைவெளி. எழுந்த உடனே டீ இல்லாமல் முடியாது என்பவர்கள் டாக்டரிடம் கேட்டு ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளலாம், கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். தினமும் ஒரே மாதிரி போடுவதுதான் முக்கியம்.

டோஸ் மாற்றிய பத்தாவது நாளே லேப்புக்கு ஓடுவதும் வீண்செலவு. தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். புதிய டோஸுக்கு உடம்பு பழகி டி.எஸ்.எச். நிலைக்கு வர ஆறு வாரம். அவசரப்பட்டு டெஸ்ட் எடுத்து, அதை நம்பி டோஸைக் கூட்டிக் குறைத்து, ஆறு மாதத்தைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கம்பெனி மாற்றி வாங்கினாலும் ஆறு வாரத்தில் ஒரு டெஸ்ட் எடுத்துவிடுவது நல்லது. இதைச் சொன்னால் எனக்கு வியாபாரம் குறையும், பரவாயில்லை.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டும். தைராய்டு குறைந்தால் முடி கொட்டும், அதனால் இரண்டும் ஒரே கைப்பையில் இருப்பது சாதாரணம். அதிக டோஸ் பயோட்டின் சில லேப்களின் டெஸ்ட் முறையையே குழப்பும், டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்னாலேயே நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். அப்புறம் அம்மாவுடைய பாட்டிலிலிருந்து கடன் வாங்கிப் போடுவது: அம்மாவுக்கு 50, மகளுக்கு 88. மாத்திரை பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும்.

முட்டைக்கோஸ், மரச்சீனி, இந்துப்பு

சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் பக்கம் பயம் ஒரு இடத்தில், ஆபத்து வேறு இடத்தில். முட்டைக்கோஸ், காலிஃபிளவரை விஷம் மாதிரி ஒதுக்குகிறார்கள். வேகவைத்து அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. மரச்சீனிக் கிழங்கில் தைராய்டுக்குள் அயோடின் போவதைத் தடுக்கிற சங்கதி உண்டுதான். ஆனால் அயோடின் பற்றாக்குறை இருப்பவர்களுக்குத்தான் அது பெரிய தொல்லை. கிழங்கும் மீன்குழம்பும் வாரத்தில் ஒரு நாள் என்றால் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

கவலைப்பட வேண்டியது உப்பைப் பற்றி. "ஆரோக்கியம்" என்று இந்துப்புக்கும் அயோடின் சேர்க்காத கல்லுப்புக்கும் மாறிய வீடுகள் இப்போது ஏராளம். அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்று 2006-லேயே நாடு முழுக்கத் தடை போட்டது சும்மா இல்லை. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை, மற்றவர்களுக்கு 150. அதற்காகக் கடற்பாசி மாத்திரையை ஆன்லைனில் வாங்கி விழுங்கவும் வேண்டாம். ஹஷிமோட்டோ இருப்பவர்களுக்கு அளவு மிஞ்சிய அயோடின் தைராய்டை இன்னும் அமுக்கிவிடும்.

எல்லாப் பழியையும் தைராய்டு மேல் போடுவது

டி.எஸ்.எச். சரியாகி மாதங்கள் ஓடிய பின்னும் "தைராய்டு இருக்கு, அதான்" என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். தைராய்டு சரியான பிறகும் கரு தங்காவிட்டால் குழாய் அடைப்பு, விந்தணு எண்ணிக்கை என்று மற்றதைப் பார்க்க வேண்டும். 35 வயதுக்குக் கீழ் என்றால் ஒரு வருஷ முயற்சி, 35 தாண்டினால் ஆறு மாதம், அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. வயது யாருக்காகவும் நிற்காது.

பிள்ளை தங்கியதும் மாத்திரையை நிறுத்துவது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மாதத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். ஒரு தடவை ஒரு மாமியார் ஆசையாகப் பழம், பால் பவுடர் எல்லாம் வாங்கி வைத்துவிட்டு, மருமகளின் தைராக்சின் பாட்டிலைக் காட்டிக் கேட்டார்: "பிள்ளைக்கு இனி இந்தக் குளிகை வேண்டாம்தானே? வயித்துல உள்ளதுக்குச் சூடு பிடிக்கும்லா?"

நிறுத்தவே கூடாது. தைராக்சின் உடம்பே சுரக்கிற ஹார்மோன்தான், அதன் குறையைத்தான் நாம் வெளியிலிருந்து நிரப்புகிறோம். வயிற்றுப் பிள்ளையின் தைராய்டு சுரக்கத் தொடங்கவே ஏறக்குறைய 12 வாரம் ஆகும், ஓரளவு சொந்தக் காலில் நிற்க 18, 20 வாரம். அதுவரை பிள்ளையின் மூளை வளர்வது அம்மாவின் ஹார்மோனை வாங்கித்தான். அதனால் நிறுத்துவது இருக்கட்டும், டோஸைக் கூட்ட வேண்டியிருக்கும். தேவை ஐந்தாவது வாரத்திலிருந்தே ஏறத் தொடங்கிவிடும். நம் ஊரில் முதல் செக்கப்புக்கே இரண்டு, மூன்று மாதம் கழித்துப் போகிறவர்கள் எத்தனை பேர்! அந்த இடைவெளியில்தான் நஷ்டம்.

வழக்கமாக டாக்டர்கள் சொல்வது 20 முதல் 30 சதவீதம் கூட்டுவது. எளிதாகச் சொன்னால், வாரத்துக்கு ஏழு மாத்திரை போடுபவர் ஒன்பது போடுவது. இதை முயற்சி செய்யும்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் கர்ப்பத்தின் பாதிவரை நாலு வாரத்துக்கு ஒரு முறை டி.எஸ்.எச்., 30-ஆவது வாரத்தையொட்டி மறுபடி ஒன்று. பிரசவம் ஆனதும் பழைய டோஸுக்குத் திரும்பி, ஆறு வாரத்தில் ஒரு டெஸ்ட். கூட்டிய டோஸிலேயே வருஷக்கணக்காக ஓடுவதும் தப்புதான், படபடப்பும் எலும்புத் தேய்மானமும் வரும்.

முதலில் சொன்ன பெண்ணுக்கு நான் புதிதாக எதுவும் கொடுக்கவில்லை. காலையில் தண்ணீர் பிடிக்க எழுந்திருக்கும்போது தைராக்சின், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் இரும்பு, ராத்திரி கால்சியம் என்று அட்டை மேல் பேனாவால் எழுதினேன். டாக்டரிடமும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றேன், இல்லாவிட்டால் அவர் டோஸை மூன்றாவது தடவையும் கூட்டிவிடுவார். ஏழெட்டு வாரம் கழித்து ரிப்போர்ட்டோடு வந்தார், 2.1. அதே 75 மைக்ரோகிராம்தான். போகும்போது ஒரு பிரெக்னன்சி கிட் கேட்டார். கிட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, "ரெண்டு கோடு விழுந்தா அன்னைக்கே டாக்டருக்குப் போன் பண்ணுங்க, மாத்திரை எத்தனைன்னு கேக்கணும்" என்றேன். அட்டையின் பின்பக்கத்தில் அதையும் எழுதச் சொல்லி நின்றார்.