உங்கள் ஆல்-ஸ்டார் அணியை நீங்களே தேர்ந்தெடுப்பது எப்படி? பேஸ்பாலுக்குப் புதியவர்களுக்கான செய்முறை

முதன்முதலாக ஒரு பேஸ்பால் ஆல்-ஸ்டார் அணியைத் தாளில் எழுதியபோது நான் செய்த வேலை இதுதான்: அதிக ஹோம் ரன் (நம் ஊர் சிக்சர் மாதிரி, பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்தவர்களின் பட்டியலைத் திறந்து, மேலிருந்து கீழாகப் பெயர்களை அப்படியே இறக்கினேன். எழுதி முடித்துப் பார்த்தால் ஃபர்ஸ்ட் பேஸில் (ஓடுபவர் சுற்றிவர வேண்டிய முனைகளில் முதலாவது) நிற்க நான்கு பேர், ஷார்ட்ஸ்டாப்பில் (செகண்ட், தேர்ட் பேஸ்களுக்கு இடையே) நிற்க ஆளே இல்லை. பதினொரு தொடக்க ஆட்டக்காரர்களைச் சேர்த்துவிட்டு விக்கெட் கீப்பரைத் தேடிய கதை.

அந்தத் தவறு உங்களுக்கு வேண்டாம். 2025 சீசனை வைத்துப் பழகலாம். ஆட்டம் முடிந்த சீசன் என்பதால் எண்கள் இனி மாறாது.

படி 1: எத்தனை நாற்காலி என்று எண்ணுங்கள்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். அமெரிக்கன் லீக்கில் 15, நேஷனல் லீக்கில் 15. ஜூலை நடுவில் இரண்டு லீக்குகளின் சிறந்த வீரர்களும் மோதும் ஒற்றை ஆட்டம்தான் ஆல்-ஸ்டார் ஆட்டம். 1933-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழின் விளையாட்டு ஆசிரியர் ஆர்ச் வார்ட் கிளப்பிய யோசனை அது. முதல் ஆட்டத்தின் முதல் ஹோம் ரனை அடித்தவர் பேப் ரூத்.

ஒரு லீக்குக்கு 32 பேர்: பேட்டர்கள் 20, பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) 12. தொடக்க வரிசையில் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்), ஃபர்ஸ்ட் பேஸ், செகண்ட் பேஸ், தேர்ட் பேஸ், ஷார்ட்ஸ்டாப் தலா ஒருவர், அவுட்ஃபீல்டுக்கு (பேஸ்களுக்கு அப்பாலுள்ள வெளிப்பகுதி) மூவர், ஃபீல்டிங் செய்யாமல் பேட் மட்டும் பிடிக்கும் டிஎச் ஒருவர். இந்த ஒன்பது இடங்களுக்குத்தான் ரசிகர்கள் வாக்களிக்கிறார்கள். பிட்சர்களை வீரர்களின் வாக்கும் லீக் அலுவலகமும் தீர்மானிக்கின்றன. நம் தாளில் எல்லா நாற்காலியும் நம் கையில்தான்.

படி 2: எந்தக் காலத்துக்கு மதிப்பெண் போடுகிறீர்கள்?

பலரும் தாண்டிப்போகும் படி இது. ஜூலை வரையிலான மூன்றரை மாத ஆட்டத்துக்கா, முழு சீசனுக்கா, இத்தனை ஆண்டுகள் சேர்த்த பெயருக்கா? ஏதாவது ஒன்றை முடிவு செய்து தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

ஏன் என்பதற்கு ஹுவான் சோட்டோ நல்ல உதாரணம். நியூயார்க் மெட்ஸுக்கு வந்த முதல் சீசனில் ஏப்ரலும் மேயும் மந்தமாகப் போயின. ஜூனில் 11 ஹோம் ரன் அடித்தும் ஆல்-ஸ்டார் அணியில் இடமில்லை. சீசன் முடிந்தபோது கணக்கில் இருந்தவை 43 ஹோம் ரன், 38 பேஸ் திருட்டு (பந்து அடிக்கப்படும்வரை காத்திராமல் ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது). ஜூலையில் எழுதும் தாளில் அவரை விட்டது சரியா என்று வாதாடலாம். அக்டோபரில் எழுதும் தாளில் விட்டால் உங்களுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.

நான் முழு சீசனை எடுத்துக்கொள்கிறேன். பழைய புகழுக்கு மதிப்பெண் கிடையாது. ஓய்வுக்கு நெருங்கும் பெரிய வீரர்களைக் கௌரவிக்க லீக் ஆணையரே சில சமயம் தனியாக அழைக்கிறார். 2022-இல் ஆல்பர்ட் புஹோல்ஸும் மிகெல் கப்ரேராவும், 2025-இல் கிளேட்டன் கெர்ஷாவும் அப்படித்தான் வந்தார்கள். பாசத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

படி 3: நான்கே நான்கு எண்கள் போதும்

பேஸ்பாலில் எண்களுக்குப் பஞ்சமில்லை. ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் படிக்கப் போனால் தலை சுற்றும்.

பேட்டிங் சராசரி: நூறு முறை பேட் செய்து முப்பது முறை ஹிட் அடித்தால் (பந்தை அடித்துப் பத்திரமாக பேஸ் ஏறினால்) .300. வாக் (பிட்சர் நான்கு பந்தைத் தவறாக வீசியதால் இலவசமாகக் கிடைக்கும் ஃபர்ஸ்ட் பேஸ்) கணக்கில் வராது. 2025-இல் நேஷனல் லீக்கில் போதுமான முறை பேட் செய்து தகுதிபெற்றவர்களில் .300-ஐத் தாண்டியவர் ஒரே ஒருவர், பிலடெல்பியாவின் ட்ரே டர்னர், .304. இந்தக் காலத்தில் அது அவ்வளவு அரிது.

ஓபிபி: ஹிட்டோ, வாக்கோ, பந்து மேலே பட்டோ, எப்படியாவது பேஸ் ஏறிய விகிதம். அவுட் ஆகாமல் இருப்பதுதான் இந்த ஆட்டத்தின் பாதி என்பதால் சராசரியைவிட இதை நான் அதிகம் நம்புகிறேன்.

ஓபிஎஸ்: ஓபிபியோடு, அடியின் வலுவைச் சொல்லும் ஸ்லக்கிங் விகிதத்தையும் கூட்டியது. .720 பக்கம் இருந்தால் சுமார், .850 நன்று, 1.000 தாண்டினால் எழுந்து நின்று கைதட்டலாம்.

பிட்சருக்கு ஈஆர்ஏ: ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ஓட்டம் கொடுக்கிறார் என்பது. ஃபீல்டரின் பிழையால் வந்தவை சேராது. 4-ஐ ஒட்டி இருந்தால் சாதாரணம், 3-க்குக் கீழே போனால் உஷார்.

படி 4: கடினமான இடத்திலிருந்து நிரப்புங்கள்

இதுதான் முக்கியமான படி. கேட்சர், ஷார்ட்ஸ்டாப், சென்டர் ஃபீல்டு ஆகிய மூன்றும் ஃபீல்டிங்கில் கடினமான இடங்கள். அங்கே நன்றாக நிற்பவர்களில் பேட்டும் பேசக்கூடியவர்கள் குறைவு. ஃபர்ஸ்ட் பேஸிலும் டிஎச்சிலும் அடிக்காதவருக்கு வேலையே இல்லை. ஆகவே .800 ஓபிஎஸ் வைத்திருக்கும் ஷார்ட்ஸ்டாப் பொக்கிஷம். அதே எண்ணோடு நிற்கும் டிஎச் வரிசையில் காத்திருக்க வேண்டியவர். ஷார்ட்ஸ்டாப்பை ஷார்ட்ஸ்டாப்போடு மட்டும் ஒப்பிடுங்கள்.

அமெரிக்கன் லீக் கேட்சர்: சியாட்டிலின் கால் ராலி. யோசிக்கவே வேண்டாம். சராசரி .247-தான், ஆனால் அடித்தது 60 ஹோம் ரன். அதற்கு முன் முதன்மை கேட்சராக ஆடிய ஒருவரின் உச்சம், சால்வடோர் பெரெஸ் 2021-இல் அடித்த 48. லீக்கின் சிறந்த வீரர் விருது ராலிக்கா, .331 சராசரியும் 53 ஹோம் ரனும் வைத்திருந்த ஆரன் ஜட்ஜுக்கா என்று ரசிகர்கள் மாதக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். விருது ஜட்ஜுக்குப் போனது. நமக்கு அந்த வம்பே இல்லை. ஒருவர் கேட்சர், ஒருவர் அவுட்ஃபீல்டு; இருவருக்கும் நாற்காலி உண்டு.

ஷார்ட்ஸ்டாப்பில் கன்சாஸ் சிட்டியின் பாபி விட் ஜூனியர்: 47 டபுள் (செகண்ட் பேஸ் வரை கொண்டுசேர்த்த அடி), 38 பேஸ் திருட்டு.

நேஷனல் லீக் ஷார்ட்ஸ்டாப்தான் சண்டைக்காரன் இடம். சராசரியில் முதலிடம் டர்னர். 31 ஹோம் ரன், 31 திருட்டு என்று மெட்ஸின் பிரான்சிஸ்கோ லிண்டோர். இருவரையும் தாண்டி அரிசோனாவின் ஹெரால்டோ பெர்டோமோவை எழுதுகிறேன். 20 ஹோம் ரன், 100 ஆர்பிஐ (அவர் பேட்டால் அணிக்கு வந்த ஓட்டங்கள்). என்னை இழுத்தது வேறு ஓர் எண் ஜோடி: வாக் 94, ஸ்டிரைக்அவுட் (மூன்று ஸ்டிரைக் வாங்கி அவுட் ஆவது) 83. ஆளாளுக்கு நூற்றைம்பது முறை ஸ்டிரைக்அவுட் ஆகும் காலத்தில், வாக் அதைவிடக் கூடுதலாக இருப்பது சாதாரண விஷயமில்லை. ஜூலையில் வந்த உண்மையான அணியில் அவர் பெயரே இல்லை. கேட்சராக டாட்ஜர்ஸின் வில் ஸ்மித், ஓபிபி .404.

வாக்குச் சீட்டில் அவுட்ஃபீல்டு மூன்றும் ஒரே பெட்டி. இடது, நடு, வலது என்ற பிரிவு கிடையாது. ஆனாலும் ஒரு சென்டர் ஃபீல்டராவது உள்ளே இருக்கட்டும். மூன்று பெரிய அடிக்காரர்களை நிறுத்தினால் நடுவில் விழும் பந்தை யார் துரத்துவது? அமெரிக்கன் லீக்கில் ஜட்ஜோடு மினசோட்டாவின் பைரன் பக்ஸ்டன், சியாட்டிலின் ஹூலியோ ரோட்ரிகஸ். பக்ஸ்டன் 24 முறை பேஸ் திருட ஓடி 24 முறையும் பிழைத்தவர். நேஷனல் லீக்கில் சோட்டோ, 17 ட்ரிப்பிள் (தேர்ட் பேஸ் வரை கொண்டுசேர்த்த அடி) அடித்த கார்பின் கேரல், நடுவில் சிகாகோ கப்ஸின் பீட் க்ரோ-ஆம்ஸ்ட்ராங்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கன் லீக்கில் தேர்டுக்கு ஹோசே ராமிரெஸ், செகண்டுக்கு ஜாஸ் சிஷோம், ஃபர்ஸ்டுக்கு அத்லெடிக்ஸின் புதுமுகம் நிக் கர்ட்ஸ் (ஜூலையில் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்தாரே, அவர்தான்), டிஎச்சுக்கு ஜார்ஜ் ஸ்ப்ரிங்கர். நேஷனல் லீக்கில் அதே தேர்ட், செகண்ட், ஃபர்ஸ்ட் வரிசையில் மேனி மச்சாடோ, கெட்டல் மார்ட்டே, பீட் அலோன்சோ.

நேஷனல் லீக்கின் டிஎச் மட்டும் மீதி. 56 ஹோம் ரன், 132 ஆர்பிஐ வைத்திருக்கும் கைல் ஸ்வார்பரா, 55 ஹோம் ரன் அடித்து 146 ஓட்டம் எடுத்த ஷோஹெய் ஓட்டானியா? சராசரியிலும் ஓபிஎஸ்ஸிலும் ஓட்டானி மேலே. ஓட்டானிதான். ஸ்வார்பரை மறந்துவிட வேண்டாம், கடைசிப் படியில் வருவார்.

படி 5: பிட்சரின் வெற்றிக் கணக்கை மூடி வையுங்கள்

பிட்ஸ்பர்கின் பால் ஸ்கீன்ஸ் 2025-இல் 10 வெற்றி, 10 தோல்வி. புதியவர் இதைப் பார்த்ததும் தாண்டிப்போவார். ஈஆர்ஏவைப் பாருங்கள்: 1.97. அவர் ஓட்டமே கொடுக்காமல் வீசினாலும், அவருடைய அணி ஓட்டம் எடுத்தால்தானே வெற்றி எழுதப்படும்? பிட்ஸ்பர்க் அந்த ஆண்டு 91 ஆட்டம் தோற்றது. நேஷனல் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஒருமனதாக வாங்கியவர் ஸ்கீன்ஸ்.

அமெரிக்கன் லீக்கில் டெட்ராய்ட்டின் தாரிக் ஸ்கூபல், ஈஆர்ஏ 2.21, ஸ்டிரைக்அவுட் 241. அவருக்குப் பின்னால் பாஸ்டனின் காரட் க்ரோஷே. என் வழக்கம் எட்டு ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர்), நான்கு ரிலீவர் (பின்னால் மாற்றாக வரும் பிட்சர்). கடைசி இன்னிங்ஸுக்கு வரும் ரிலீவர்களை மறந்துவிட்டு பன்னிரண்டையும் ஸ்டார்ட்டர்களால் நிரப்புவது பழகாதவர்கள் செய்யும் தவறு. 2025-இல் ஈஆர்ஏ 1.17 வைத்திருந்த அரோல்டிஸ் சாப்மன் ரிலீவர்தான்.

படி 6: எல்லா அணிக்கும் ஓர் ஆள்

இங்கேதான் தாள் கசங்கும். ஒவ்வோர் அணியிலிருந்தும் குறைந்தது ஒருவராவது இருக்க வேண்டும் என்பது விதி. 2025-இல் 119 ஆட்டம் தோற்ற கொலராடோவுக்கும் இடம் உண்டு. நல்ல வேளையாக அங்கே ஹன்டர் குட்மன் என்ற கேட்சர் 31 ஹோம் ரன் அடித்திருந்தார். மாற்று கேட்சராக எழுதலாம். ஒரு சின்ன எச்சரிக்கை: கொலராடோவின் மைதானம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்றில் பந்து கூடுதல் தூரம் பறக்கும். அந்த எண்களில் கொஞ்சம் தள்ளுபடி போட்டுப் பாருங்கள்.

குறுக்குவழி ஒன்று: நொண்டும் அணிகளின் பெயர்களை முதலிலேயே ஓரத்தில் குறித்துக்கொண்டு, அவற்றிலிருந்து பிட்சர் யாராவது தேறுகிறாரா என்று பாருங்கள். பன்னிரண்டு இடம் இருப்பதால் நுழைப்பது சுலபம். நிஜத்திலும் சிகாகோ ஒயிட் சாக்ஸின் பிரதிநிதியாகப் போனவர் ஷேன் ஸ்மித் என்ற புதுமுக பிட்சர்தான்.

படி 7: சொந்த அணிப் பாசத்தைச் சோதியுங்கள்

எழுதி முடித்ததும் உங்கள் பிரிய அணியிலிருந்து எத்தனை பேர் என்று எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் போனால் எனக்குச் சந்தேகம் வரும்.

1957-இல் சின்சினாட்டி ரசிகர்கள் வாக்குப் பெட்டியை நிரப்பியதில், நேஷனல் லீக்கின் எட்டுத் தொடக்க இடங்களில் ஏழு அவர்கள் ஊருக்கே போயின. ஸ்டான் மியூசியல் மட்டும்தான் வெளியாள். ஆணையர் ஃபோர்ட் ஃப்ரிக் அந்த ஏழில் இருவரை நீக்கி, பேஸ்பாலின் பெரும் நட்சத்திரங்களான வில்லி மேஸையும் ஹாங்க் ஆரனையும் போட்டார். யோசித்துப் பாருங்கள், மேஸும் ஆரனும் இல்லாத அணியை ரசிகர்கள் எழுதியிருக்கிறார்கள்! அதன்பிறகு ரசிகர்களிடமிருந்து பறிக்கப்பட்ட தொடக்க வரிசை வாக்கு 1970-இல்தான் திரும்பி வந்தது.

படி 8: பெஞ்சில் ஓர் இடியை வையுங்கள்

ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் ஓட்டம் சமமானால் ஆல்-ஸ்டார் ஆட்டம் இப்போது கூடுதல் இன்னிங்ஸுக்குப் போவதில்லை. ஒவ்வோர் அணியும் மூன்று பேரை அனுப்பும், ஆளுக்கு மூன்று முறை பேட் வீசலாம், அதிக ஹோம் ரன் அடித்த அணி வெல்லும். 2025 ஜூலையில் அட்லான்டாவில் ஆட்டம் 6-6 என்று நின்றபோதுதான் இந்த விதி முதன்முதலாக வேலை செய்தது. தொடங்கிய நட்சத்திரங்கள் பலர் அதற்குள் ஆட்டத்தை விட்டு வெளியேறியிருந்தார்கள். மிஞ்சியிருந்தவர்களை வைத்துத்தான் அடிக்க வேண்டும்.

நேஷனல் லீக்கின் மாற்று ஆட்டக்காரர் ஸ்வார்பர் வந்தார். அதுவரை அந்த ஆட்டத்தில் ஒரு ஹிட் கூட இல்லை. மூன்று முறை பேட் வீசினார், மூன்றும் ஹோம் ரன். 4-3 என்று நேஷனல் லீக் வென்றது, ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே.

அதனால் மாற்று டிஎச் இடத்தை நான் எப்போதும் பென்சிலால் எழுதுகிறேன். ஃபீல்டிங் தெரியாதா, கால் மெதுவா, பரவாயில்லை. பந்தைக் கூரை தாண்டி அனுப்பக்கூடிய ஒருவர் அங்கே இருக்கட்டும்.