கூட்டுத் தொடர்வரிசையின் பொது உறுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடைக்கால ஒலிம்பிக் 1896இல் ஏதென்ஸ் நகரில் தொடங்கியது. நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை என்பது அதன் கணக்கு. இப்படி ஒரே அளவில் கூடியோ குறைந்தோ செல்லும் எண் வரிசையே கூட்டுத் தொடர்வரிசை; மாறாத அந்த அளவு பொது வித்தியாசம், எந்த இடத்தில் உள்ள எண்ணையும் குறிக்கும் பொதுவான வடிவம் பொது உறுப்பு. 33ஆவது ஒலிம்பிக் எந்த ஆண்டுக்கு உரியது என்று கேட்டால், 33ஐ 4ஆல் பெருக்கி 1896உடன் கூட்டி, 2028 என்று விடை எழுதுவோர் பலர். ஆனால் 33ஆவது ஒலிம்பிக் 2024இல் பாரிஸில் நடந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு உரிய 2028 என்பது 34ஆவது. கூட்டலிலும் பெருக்கலிலும் பிழை ஏதும் இல்லாமலேயே விடை ஓர் இடம் தள்ளிப் போய்விட்டது. பொது உறுப்புக்கான சூத்திரத்தைக் காண்பதில் நேரும் தவறுகள் பெரும்பாலும் இத்தகையவையே: பொது வித்தியாசத்தின் மீது வைக்கும் கவனத்தை, எந்த உறுப்பு எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதன் மீது மாணவர்கள் வைப்பதில்லை.

ஐந்து விரல்களுக்கு இடையே நான்கு இடைவெளிகளே இருப்பதைப் போல, முதல் உறுப்பிலிருந்து 33ஆவது உறுப்பை அடைய 32 தாவல்களே தேவை. உறுப்பின் இட எண்ணை ‘இ’ என்று குறித்தால், பொது உறுப்பு = முதல் உறுப்பு + (இ − 1) × பொது வித்தியாசம். ஒலிம்பிக்குக்கு இது 1896 + 4(இ − 1), சுருக்கினால் 4இ + 1892. இங்கே அடுத்த தவறு காத்திருக்கிறது. சுருக்கிய வடிவில் தனியாக நிற்கும் 1892ஐ முதல் உறுப்பு என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்த ஆண்டில் நவீன ஒலிம்பிக்கே கிடையாது. இ = 0 என்று இட்டால் கிடைக்கும் எண் அது, அவ்வளவுதான். மறுபுறம், கணினி நிரல் எழுதுவோர் இடங்களைப் பூச்சியத்திலிருந்து எண்ணுவது வழக்கம். அவர்களுக்கு 4இ + 1896 என்பதே சரியான சூத்திரம். ஆகவே முதல் இடத்துக்கு எந்த எண்ணைக் கொடுக்கிறோம் என்பதைச் சொல்லாமல் எழுதப்படும் சூத்திரத்தைச் சரி என்றோ தவறு என்றோ தீர்ப்பளிக்க முடியாது.

முதல் உறுப்பு தரப்படாத கணக்குகளிலும் இதே குழப்பம் வருகிறது. லண்டன் நகரம் 14ஆவது ஒலிம்பிக்கை 1948இலும் 30ஆவது ஒலிம்பிக்கை 2012இலும் நடத்தியது. இந்த இரண்டை மட்டும் கொண்டு பொது வித்தியாசத்தைக் காண, 64ஐ 16ஆல் வகுக்க வேண்டும். 14 முதல் 30 வரை விரல் விட்டு எண்ணி 17 என்று கண்டு, அதனால் வகுப்பவருக்கு முழு எண்ணே கிடைக்காது. உறுப்புகளை எண்ணும்போதோ நிலைமை நேர்மாறானது: 7ஆல் வகுபடும் மூன்று இலக்க எண்கள் 105இல் தொடங்கி 994இல் முடிகின்றன; 889ஐ 7ஆல் வகுத்தால் வரும் 127 தாவல்களின் எண்ணிக்கை, உறுப்புகளோ 128.

இறங்கு வரிசையில் குறியும் அடைப்புக்குறியும் சேர்ந்து தொல்லை தரும். 50, 43, 36, … என்பதில் பொது வித்தியாசம் பின் உறுப்பிலிருந்து முன் உறுப்பைக் கழித்துப் பெறும் −7. பொது உறுப்பு 50 − 7(இ − 1), அதாவது 57 − 7இ. அடைப்பை நீக்கும்போது குறியை மாற்ற மறந்தால் 43 − 7இ என்று வரும்; இ = 1 என்று இட்ட உடனே 36 கிடைத்துப் பிழை தெரிந்துவிடும். ஆனால் பொது வித்தியாசத்தையே 7 என்று கொண்டவர் பெறும் 43 + 7இ, முதல் இடத்தில் 50ஐத் தந்து அந்தச் சோதனையில் தேறிவிடுகிறது. இரண்டாம் இடத்தில்தான் 57 என்று காட்டிக்கொடுக்கிறது. எனவே ஒரே இடத்தில் சோதித்துவிட்டு நிறைவடையக் கூடாது, இரண்டு இடங்களிலாவது சோதிக்க வேண்டும்.

இ இயல் எண்ணாகவே (1, 2, 3, …) இருக்க வேண்டும் என்பதையும் பலர் எழுதாமல் விடுகின்றனர். 1906இல் ஏதென்ஸில் நடந்த போட்டிகளைச் சூத்திரத்தில் இட்டால் இ = 3.5 என்று வரும். 1906 இந்த வரிசையின் உறுப்பு அன்று. பன்னாட்டு ஒலிம்பிக் குழுவும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. உலகப் போர்களால் நடைபெறாத 1916, 1940, 1944 ஆகியவை மட்டும் 6, 12, 13 என்னும் எண்களோடு வரிசையில் நீடிக்கின்றன. அதனால்தான் சூத்திரம் உடையவில்லை.

குளிர்கால ஒலிம்பிக்கில் அந்த வசதி இல்லை. 1924, 1928, 1932, 1936 என்ற முதல் நான்கு உறுப்புகளைப் பார்த்து 4இ + 1920 என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் நடைபெறாத போட்டிகளுக்கு அங்கே எண் தரப்படவில்லை, ஐந்தாவது போட்டி 1948இல் நடந்தது. தொடக்கத்தில் ஓரிரு வித்தியாசங்கள் சமமாக இருப்பதைக் கண்டு மட்டும் கூட்டுத் தொடர்வரிசை என்று முடிவு கட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை. பின்னர் 16ஆவது போட்டி 1992இலும் 17ஆவது 1994இலும் நடந்தன. 1994 முதல் வித்தியாசம் மாறாமல் இருப்பதால் அங்கிருந்து 1994 + 4(இ − 17), அதாவது 4இ + 1926 என்று எழுதலாம். 25ஆவது போட்டிக்கு அது 2026 என்று சரியாகவே தருகிறது. ஆனால் இ = 16 என்று இட்டால் 1990 என்று பிழையாகச் சொல்லும். எனவே இ 17ஆகவோ அதற்கு மேற்பட்டதாகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சூத்திரத்தின் பக்கத்திலேயே எழுத வேண்டும்.