குழந்தைக்கு நெஞ்சு படபடப்பா? ஹோல்டர் மாட்டும் முன் படியுங்கள்

"திடீர்னு நெஞ்சு படபடங்குதுங்கறா. தூக்கிட்டு ஓடியாந்தா நின்னுபோயிருதுங்க." ஈரோட்டில் ஹோல்டர் (இதயத் துடிப்பை நாள் முழுக்கப் பதியும், உடம்பில் மாட்டும் சின்னக் கருவி) மாட்டிவிடும் வேலையில் நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். சாதாரண ஈசிஜி பத்து விநாடி போலத்தான் பார்க்கும். கோபியில் வந்த படபடப்பு ஈரோடு வரைக்கும் காத்திருக்குமா? அதனால்தான் கருவியையே வீட்டுக்கு அனுப்புகிறோம்.

ஓடியாடும்போது மயங்கி விழுந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலோ ஹோல்டருக்குத் தேதி வாங்கிக் காத்திருக்காதீர்கள். உடனே டாக்டரிடம் போங்கள். நினைவில்லாமல் கிடந்தால் 108.

1. எண்ணுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? தினமும் என்றால் 24 அல்லது 48 மணி நேர ஹோல்டர் போதும். வாரத்துக்கு ஒருமுறை என்றால் நெஞ்சில் ஒட்டும் பேட்ச். 14 நாள் வரை பதிவாகும். மாதத்துக்கு ஒன்றிரண்டுதான் என்றால், வரும்போது மட்டும் விரல் வைத்துப் பதிகிற சின்னக் கருவி. அதற்கு அரை நிமிடமாவது கை ஆடாமல் இருக்க வேண்டும், சின்னக் குழந்தைக்கு ஒத்துவராது. எதை மாட்டுவது என்பது டாக்டர் முடிவு. ஆனால் கணக்கு உங்களிடம்தான் இருக்கிறது.

2. மாட்டும் நாள். குளிப்பாட்டிக் கூட்டி வாருங்கள், ஹோல்டரைக் கழற்றும் வரை குளியல் கிடையாது. கொடிவேரி அணைக்குக் குளிக்கப் போவதும் அப்புறம்தான். நெஞ்சில் எண்ணெய், பவுடர் வேண்டாம், ஸ்டிக்கர் வழுக்கிவிடும். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை நல்லது.

3. வழக்கம்போல விடுங்கள். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வள்ளி கும்மி ஆடும்போது மட்டும் படபடப்பு வரும் சிறுமி ஒருத்தி. "மிசினு மாட்டியிருக்குதுன்னு கும்மிக்கு அனுப்பலீங்க" என்றார் அம்மா. 24 மணி நேரமும் சுத்தமான பதிவு, ஒரு பிரயோஜனமும் இல்லை. மறுபடி மாட்டினேன். "அம்மிணி, நீ நல்லா ஆடு. நெஞ்சு அடிச்சா இந்தப் பட்டனை அமுக்கோணும், செரியா?"

4. நோட்டில் எழுதுங்கள். அவள் அம்மா எழுதியது: "சாயந்திரம் 6.20, கும்மி, மூணாவது பாட்டு. நெஞ்சு அடிக்குதுன்னா. 6.27, சட்டுனு நின்னுருச்சு." இவ்வளவு போதும். நேரத்தைச் செல்போனில் பாருங்கள். நம் வீட்டுச் சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடும், பதிவோடு பொருந்தாது.

5. கழற்றியபின். இப்போது தேங்காய் எண்ணெய்க்கு வேலை உண்டு. ஓரத்தில் தடவினால் ஸ்டிக்கர் வலிக்காமல் வரும்.

ஆடும்போது இதயம் வேகமெடுப்பது இயல்பு. ஆனால் அது படிப்படியாக ஏறும், படிப்படியாக இறங்கும். எஸ்.வி.டி. என்கிற துடிப்புக் கோளாறு சுவிட்ச் போட்டதுபோல் ஒரேயடியாக நிமிடத்துக்கு 200, 220க்குத் தாவும், அதேபோல் சட்டென்று நிற்கும். அந்தச் சிறுமியின் பதிவில் இருந்தது இரண்டாவது வகை. நல்லவேளை, மருந்து இருக்கிறது, தேவைப்பட்டால் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டுச் செய்யும் கத்தீட்டர் சிகிச்சையும் இருக்கிறது.

ரிப்போர்ட்டில் "நார்மல்" என்றிருந்தால் ஒன்று கேளுங்கள்: அன்றைக்குப் படபடப்பு வந்ததா? வந்தும் துடிப்பு சரியாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். வரவே இல்லையென்றால் இன்னும் ஒன்றும் சிக்கவில்லை என்றுதான் பொருள். கூடுதல் நாள் பதிகிற கருவி வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.