மூடி இறங்காமல் நிற்கும் பாட்டில் இயந்திரம்: கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் முறை

நிரப்பு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மூடி வராமல் நின்றுபோனால், பெரும்பாலான ஆபரேட்டர்கள் செய்யும் முதல் காரியம், மூடிகளை அதிர்வால் மேலேற்றும் பவுலைக் கட்டுப்படுத்தும் வைப்ரேட்டர் கன்ட்ரோலரின் குமிழைக் கூட்டுவதுதான். மூடி சற்று வேகமாக வருவதுபோல் தெரியும். பத்து நிமிடத்தில் மறுபடியும் நிற்கும். அதிர்வு கூடிய பவுலில் மூடிகள் குதித்துக்கொண்டே ஏறுவதால், கவிழ்ந்த மூடியைத் தள்ளிவிடுவதற்காகப் பவுலின் பாதையில் வைத்திருக்கும் வெட்டு அதைத் தவறவிடுகிறது. நேராக வரும் நல்ல மூடியும் தெறித்து உள்ளே விழுகிறது. ஆகவே முதல் விதி, குமிழைத் தொடுவதற்கு முன் அது நிற்கும் எண்ணைச் சாக்குக்கட்டியால் பெட்டியின் மேல் எழுதிவைப்பது. கோளாறு நீங்கியபின் அந்த எண்ணுக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

மூடியின் பாதையை நான்கு இடங்களாகப் பிரித்துக்கொள்ளலாம்: மூடிகள் சுழன்று ஏறும் பவுல், அவற்றை ஒரே முகமாக்கும் வெட்டு, சரிந்து இறங்கும் சூட், பாட்டிலின் கழுத்து மூடியைக் கவ்விச் செல்லும் வாய். மூடி நிற்கும் இடமும் கோளாறு பிறக்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. வாயில் கவிழ்ந்து சிக்கிய மூடி, மேலே வெட்டிலேயே தடுக்கப்பட்டிருக்க வேண்டியது. மூடி முதலில் எங்கே நிற்கிறது என்பதை அறிய ஒரு குறுக்குவழி உண்டு. சூட் அடைக்கும்போதெல்லாம் தட்டுவதற்கு ஆபரேட்டர் ஒரு குச்சியோ ஸ்பேனரோ வைத்திருப்பார். சூட்டின் பக்கவாட்டில் எந்த இடம் தட்டித் தட்டிப் பளபளவென்று குழிந்திருக்கிறதோ, அங்கிருந்து தேடலைத் தொடங்கலாம். பராமரிப்புப் பதிவேட்டைவிட அந்தக் குழியை நான் அதிகம் நம்புகிறேன்.

கையை உள்ளே விடுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தி, காற்றுக் குழாயில் உள்ள அழுத்தத்தையும் வெளியேற்றிவிட வேண்டும். பாட்டில்களை நகர்த்தும் பல்சக்கரமான ஸ்டார் வீல் நின்றிருந்தாலும், சிக்கிய மூடியை எடுத்தவுடன் ஒரு பல் நகர்ந்து விரலை நசுக்கக்கூடும்.

பிறகு பவுலை மட்டும் ஓடவிட்டு, சூட்டின் மேல்முனையில் ஒரு நிமிடத்தில் எத்தனை மூடிகள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். இயந்திரம் நிமிடத்திற்கு 40 பாட்டில் மூடுவதானால், பவுல் 48 முதல் 50 வரை தர வேண்டும். சூட்டின் நீளம் 60 செ.மீ., மூடியின் வெளிவிட்டம் 30 மி.மீ. என்றால் அதில் 20 மூடிகளே நிற்கும். அதாவது பவுல் அரை நிமிடம் தடுமாறினாலே சூட் காலியாகிவிடும். எண்ணிக்கை போதுமானதாக இருந்தும் வாயில் மூடி இல்லையென்றால் கோளாறு சூட்டிலோ அதற்குக் கீழேயோ இருக்கிறது. எண்ணிக்கையே குறைந்திருந்தால் மேலே பார்க்க வேண்டும். பவுல் முற்றிலும் நின்றுபோயிருந்தால், சூட் நிறைந்துவிட்டதா என்று பார்க்கும் சென்சாரின் முகத்தை முதலில் துடையுங்கள். தூசி படிந்த சென்சார், காலியான சூட்டையும் நிறைந்ததாகக் கருதிப் பவுலை நிறுத்திவைக்கும்.

பவுல் மெதுவாகிப்போவதற்கு மிக எளிய காரணம் மூடிகளை விளிம்புவரை கொட்டிவைப்பது. மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். அதைச் சரிசெய்தும் வேகம் கூடவில்லை என்றால், பவுலின் கீழே சாய்வாக நிற்கும் பட்டை ஸ்பிரிங்குகளைப் பார்க்க வேண்டும். பல பட்டைகளை அடுக்கி போல்ட்டால் பிடித்த அந்தக் கட்டுகள் ஒவ்வொன்றையும் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பட்டைகளைப் பிடித்திருக்கும் போல்ட்டின் ஓரத்தில் செங்கல் பொடிபோலத் துருத்தூள் கசிந்திருந்தால், அங்கே போல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது ஒரு பட்டை விரிசல் விட்டிருக்கிறது. விரிசல் விட்ட பட்டை வெளிப்பார்வைக்கு முழுதாகவே தெரியும். கழற்றி, விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டினால்தான் தட்டுப்படும். மாற்றும்போது அதே தடிமனும் அதே எண்ணிக்கையும் இருக்க வேண்டும். பட்டைகளுக்கு இடையில் உள்ள தகட்டு வாஷர்களையும் மறக்காமல் திரும்பப் போட வேண்டும்.

எல்லாப் பட்டைகளும் நன்றாக இருந்தும் வேகம் வராதபோது ஒரு சோதனை செய்யலாம். பவுல் ஓடும்போதே ஒரு கட்டின் போல்ட்டைச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். தளர்த்தும்போது மூடிகளின் வேகம் கூடினால் ஸ்பிரிங் விறைப்பு அதிகம் என்று பொருள், ஒரு பட்டையை எடுத்துவிடலாம். வேகம் குறைந்தால் ஒரு பட்டை சேர்க்கலாம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பவுலை அதிரவைக்கும் காந்தச்சுருள் முழு அலையில் இயங்கினால் நொடிக்கு 100 முறையும், டயோடு வழியாக அரை அலையில் இயங்கினால் 50 முறையும் இழுக்கும். ஸ்பிரிங்குகள் இந்த எண்ணுக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டிருப்பதால், ஒரு வகைக் கன்ட்ரோலரை எடுத்துவிட்டு மற்ற வகையை மாட்டினால் பவுல் உறுமுமே தவிர மூடி ஏறாது.

வெட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தட்டைப் பக்கம் கீழாக வரும் மூடி அதைத் தாண்டிப்போகும். திறந்த பக்கம் கீழாக வருவது பிடிமானம் இழந்து உள்ளே சாய்ந்துவிடும். சில பவுல்களில் இந்த வேலையைக் காற்றுப் பீச்சல் செய்கிறது. அதே கம்ப்ரஸர் வேறு சிலிண்டர்களையும் இயக்குவதானால் அழுத்தம் ஏறி இறங்கும். பீச்சலுக்கென்று தனி ரெகுலேட்டர் வைப்பது நல்லது.

சூட்டில் எனக்கு நேர்ந்த ஏமாற்றத்தை இங்கே சொல்ல வேண்டும். கப்பலூர் தொழிற்பேட்டையில் நான் பராமரிப்புப் பார்த்துவந்த ஒரு நன்னாரி சர்பத் ஆலையில், சித்திரைத் திருவிழாவுக்கு முந்திய வாரத்தில் நாளொன்றுக்கு நான்கைந்து முறை சூட் அடைத்தது. இருமுறை கழற்றித் தேய்த்துப் பொருத்தினேன். மூன்றாம் நாள், சிக்கிய மூடி ஒன்றை வெர்னியரில் வைத்து அளந்தபோது ஒரு திசையில் 30 மி.மீ.யும், அதற்குச் செங்குத்தான திசையில் 31 மி.மீ.க்கு மேலும் இருந்தது. தகரக் கூரையின் கீழ் மூட்டைமேல் மூட்டையாக அடுக்கியிருந்ததில், அடிமூட்டையின் மூடிகள் வெயிலிலும் பாரத்திலும் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தன. சூட்டின் இரு கம்பிகளுக்கு இடையே மூடிக்கு விடும் இடைவெளி மொத்தமே ஒரு மில்லிமீட்டர் அளவுதான். மூட்டைகளை நிழலான அறைக்கு மாற்றி இரண்டுக்கு மேல் அடுக்காமல் வைத்ததும் அடைப்பு நின்றது. அன்றிலிருந்து சூட்டைக் கழற்றுவதற்கு முன் பத்து மூடிகளையாவது இரு திசையிலும் அளந்துவிடுகிறேன்.

சர்பத் ஆலைகளுக்கே உரிய இன்னொரு தொல்லை பாகு. நிரப்பும் முனையிலிருந்து தெறித்த பாகு சூட்டின் கீழ்முனையில் படிந்து காய்ந்தால் மூடி வழுக்காது. வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து உலரவிட வேண்டும். எண்ணெய் தடவினால் தூசி பிடித்து அடைப்பு இன்னும் மோசமாகும்.

வாயில் மூடி நின்றும் பாட்டில் அதைக் கவ்வாமல் போனால், பாட்டிலின் கழுத்து உயரத்தைப் பாருங்கள். 28 மி.மீ. கழுத்திலேயே 21 மி.மீ. உயரமுள்ள பழைய வகையும் 17 மி.மீ. உயரமுள்ள புதிய வகையும் சந்தையில் கிடைக்கின்றன. பாட்டில் வாங்கும் இடத்தை மாற்றிய ஆலைகளில் இந்த வேறுபாடு சொல்லாமலே வந்து சேர்ந்துவிடும். இரண்டுக்கும் மூடி வேறு, வாயின் உயரமும் வேறு. உயரம் சரியாக இருந்தும் மூடி முன்கூட்டியே நழுவி விழுந்தால், வாயின் இரு பக்கத்துப் பிடி ஸ்பிரிங்குகளில் ஒன்று தளர்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் வேறு எதையும் தொடாமல் 200 பாட்டில்கள் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதில் ஒருமுறைகூட நிற்கவில்லை என்றால், பெட்டியின்மேல் எழுதிவைத்த எண்ணுக்குக் குமிழைத் திருப்பி, இன்னும் 200 ஓட்டுங்கள்.