கென்யாக் கலவரத்தை 'இனப் பகை' என்று எழுதி முடிக்காதீர்கள்

ஆப்பிரிக்க நாடு ஒன்றில் கலவரம் என்றால் சர்வதேச ஊடகங்கள் பல முதலில் தேடுவது, எந்த இனம் எந்த இனத்தை அடித்தது என்பதைத்தான். அதை அப்படியே எடுத்துப் பகிர்வதுதான் நாம் செய்யும் முதல் தவறு.

கென்யாவையே பாருங்கள். 2007 டிசம்பர் 27 அன்று அதிபர் தேர்தல். வாக்கு எண்ணிக்கையில் ஏகப்பட்ட குளறுபடி. ஆனாலும் 30ஆம் தேதி முடிவை அறிவித்த கையோடு அன்று மாலையே அதிபர் கிபாகி அவசர அவசரமாக மீண்டும் பதவியேற்றார், நாடு பற்றி எரிந்தது. உடனே, 1994 இனப்படுகொலையை நினைத்து 'இன்னொரு ருவாண்டா' என்ற பேச்சு கிளம்பிவிட்டது. நாட்டின் மேற்கே உள்ள ரிஃப்ட் பள்ளத்தாக்கில் கிக்குயு மக்களும் கலெஞ்ஜின் மக்களும் மோதியது உண்மைதான், ஆனால் அதன் அடியில் கிடப்பது நிலம். பிரிட்டிஷ்காரர்கள் வெள்ளைக்காரக் குடியேறிகளுக்காகப் பறித்த நிலம், 1963 விடுதலைக்குப் பிறகு பறிகொடுத்தவர்களுக்குத் திரும்பவில்லை. பெரும்பாலும் காசும் செல்வாக்கும் உள்ளவர்கள் கைக்கும், வேறு பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள் கைக்கும் போனது. அந்தக் காயத்தை 1992 தேர்தலின்போதும் 1997 தேர்தலின்போதும் அரசியல்வாதிகள் கிளறிவிட்டிருக்கிறார்கள். ஆதிகாலப் பகை என்றால், 2007இல் எதிரெதிர் அணியில் நின்ற கிக்குயு தலைவர் உஹுரு கென்யாட்டாவும் கலெஞ்ஜின் தலைவர் வில்லியம் ரூட்டோவும் 2013 தேர்தலில் கைகோத்து எப்படி ஜெயித்தார்கள்?

இதைவிட மோசமான தவறு, அரசை மறந்துவிடுவது. வெட்டரிவாளோடு ஓடும் இளைஞர்களின் படங்கள்தான் உலகம் முழுக்கச் சுற்றின. ஆனால் கலவரத்தை விசாரித்த வாக்கி ஆணையம் கணக்கெடுத்த 1,133 மரணங்களில் 405 துப்பாக்கிச் சூட்டில் நடந்தவை, அதில் காவல்துறையின் பங்கு பெரிது. மூன்றில் ஒன்றுக்கு மேல்! 'இனக்கலவரம்' என்று தலைப்புப் போட்டதும் சுட்டவர்கள் படத்திலிருந்தே காணாமல் போய்விடுகிறார்கள்.

அப்புறம், ஒரு நாட்டில் நடந்ததை 'ஆப்பிரிக்காவில் வன்முறை' என்று எழுதாதீர்கள். அங்கே 54 நாடுகள் இருக்கின்றன.

2024 ஜூன் 25 அன்று கென்யத் தலைநகர் நைரோபியில் புதிய வரிகளை எதிர்த்து இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள்ளேயே நுழைந்தார்கள், காவல்துறை சுட்டதில் பலர் செத்தார்கள், மறுநாளே அந்த நிதி மசோதாவில் கையெழுத்திட மாட்டேன் என்று, அப்போது அதிபராக இருந்த ரூட்டோ பின்வாங்கினார். எங்களுக்கு இனமும் இல்லை, தலைவரும் இல்லை என்றுதான் அந்தப் பிள்ளைகள் சொன்னார்கள். கடன், வரி, வேலையின்மை, ஊழல் என்று அவர்களே காரணத்தைப் பதாகையில் எழுதிப் பிடித்திருந்தார்கள்.

அதனால் எழுத உட்காரும் முன் 'டெய்லி நேஷன்', 'தி ஸ்டாண்டர்ட்' மாதிரி நைரோபி பத்திரிகைகளைத் திறந்து பாருங்கள். இரண்டுமே ஆங்கிலத்தில் வருகின்றன, இணையத்திலும் கிடைக்கின்றன.