கேரவே வளர்ப்பு: அவசரப்பட்டால் விதை இல்லை

சீமைச்சோம்பு எனப்படும் கேரவே என்ற மசாலாப் பயிரை வளர்ப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, முதல் ஆண்டு முடிவதற்குள் செடியைப் பிடுங்கிப் போடுவதுதான். இது பெரும்பாலும் ஈராண்டுப் பயிர். முதல் ஆண்டில் கேரட் இலையைப் போன்ற மெல்லிய இலைகள் தரையோடு தரையாக அடர்ந்திருக்கும். தண்டும் எழாது, பூவும் வராது. ‘இது தேறாது’ என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்போதுதான் மண்ணுக்கடியில் ஆணிவேர் தடித்து, அடுத்த ஆண்டுக்கான உணவைச் சேர்த்துக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் இலைகள் வாடினாலும் வேர் பிழைத்திருக்கும். குளிர் விலகியதும் தண்டு இரண்டு, மூன்று அடி உயர்ந்து, உச்சியில் வெள்ளைப் பூக்கள் குடை விரித்தாற்போல் மலரும்.

பூக்கத் தூண்டுவதே அந்தக் குளிர்தான். குளிர் தட்டாத இடத்தில் ஈராண்டு ரகத்தைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஒரே ஆண்டில் காய்க்கும் ரகங்களும் உண்டு. விதை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்த தவறு, நாற்று விட்டுப் பிடுங்கி நடுவது. ஆணிவேர் அறுந்தால் செடி சுணங்கிவிடும். நேராக நிலத்திலேயே, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். முளைக்க இரண்டு, மூன்று வாரம்கூட ஆகும். அதற்குள் களை மூடிவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். முளைத்தபின் செடிக்குச் செடி 20 சென்டிமீட்டராவது இருக்கும்படி கலைத்துவிடுங்கள். தொட்டி என்றால் ஆழமானதாக வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் தாராளம் வேண்டாம். இளஞ்செடிக்கு ஈரம் தேவை. ஆனால் நீர் தேங்கினால் வேர் அழுகும். தழைச்சத்து உரத்தை அள்ளிப்போட்டால் இலைதான் கொழிக்கும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: இதே குடும்பத்தைச் சேர்ந்த கொடிய நச்சுச்செடியான ஹெம்லாக்கும் பார்ப்பதற்கு இப்படித்தான் இருக்கும். நீங்கள் விதைக்காமல் தானாக முளைத்ததை வாயில் வைக்காதீர்கள்.

சரி, அறுவடை. எல்லா விதையும் காயட்டும் என்று விட்டால் பாதி மண்ணில் கொட்டிவிடும். ஒவ்வொரு காயும் முற்றியதும் இரண்டாகப் பிளந்து, வெளிறிய வரிகளோடு லேசாக வளைந்த இரு துண்டுகளாகப் பிரியும், காற்றடித்தாலே உதிரும். முதல் விதைகள் பழுப்பேறத் தொடங்கியதும், பனி ஈரம் காயாத காலையில் தண்டோடு வெட்டிக் காகிதப் பையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். நன்றாகக் காய்ந்தபிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். விதைப்புக்கு வைப்பதைத் தனியே எடுத்து, அடுத்த பருவத்திலேயே விதைத்துவிடுங்கள். பழைய விதை சரியாக முளைக்காது.